அப்பா வரைந்த கடிகாரம்

மூன்று வார விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தேன். முதல் நாளே அப்பா ஒரு மணி நேரத்துக்குள் நான்கு முறை கேட்டார்: "எப்பப்பா திரும்பிப் போறே?" ஃபோனில் இது தெரிந்ததே இல்லை. பத்து நிமிடப் பேச்சை யாரும் சமாளித்துவிடலாம்.

இப்போதுதான் அல்சைமர் என்ற மறதி நோயை ரத்தத்திலேயே கண்டுபிடிக்கிறார்களே என்று நேராக ஒரு லேபுக்குப் போனேன். கவுண்டரில் "நினைவாற்றல் பேக்கேஜ்" என்று ஒன்றைத் தலையில் கட்டினார்கள். உள்ளே இருந்தது ஏபிஓஇ மரபணுச் சோதனை. நோய் வரும் வாய்ப்பு கூடுதலா என்று அது சொல்லும். வந்திருக்கிறதா என்று சொல்லாது. பணம் கட்டிய பிறகு, நரம்பியல் டாக்டர் சொல்லித்தான் இது தெரிந்தது. அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

டாக்டர் ஊசியை எடுக்கவில்லை, வெள்ளைத் தாளை எடுத்தார். கடிகாரம் வரைந்து பதினொன்று பத்து காட்டச் சொன்னார். வட்டம் அழகாக வந்தது, எண்களும் சரி. ஒரு முள்ளைப் பதினொன்றில் வைத்தார் அப்பா. இன்னொன்றை இரண்டில் வைக்காமல் பத்தில் வைத்துவிட்டு, திருப்தியாகப் பேனாவை மூடினார். நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டேன்.

அப்புறம் பி12, தைராய்டு, எம்ஆர்ஐ. பி12 குறைந்தாலும் தைராய்டு மந்தமானாலும் மறதி வரும், அதைச் சரிசெய்யவும் முடியும். கடைசியாகத்தான் அல்சைமருக்கான ரத்தச் சோதனை, பி-டாவ் 217 என்ற புரதத்தை அளப்பது. அல்சைமரில் மூளையில் அமிலாய்டு என்ற இன்னொரு புரதம் படியும்போது ரத்தத்தில் பி-டாவ் ஏறுகிறது, அமிலாய்டு பீட்டா 42 இறங்குகிறது. இரண்டுக்கும் உள்ள விகிதத்தைப் பார்க்கும் சோதனைக்கு அமெரிக்காவில் 2025 மே மாதம்தான் அனுமதி கிடைத்தது. அதுவும் அறிகுறி தெரிகிறவர்களுக்கு. சிறுநீரகம் பழுதானாலும் பி-டாவ் ஏறும் என்பதால் கிரியேட்டினினும் எழுதிக் கொடுத்தார்.

"எனக்கும் சேர்த்து எடுத்துடலாமா டாக்டர்?" என்றேன்.

"உங்களுக்கு மறதி இருக்கா?"

"இல்லை."

"அப்ப வேண்டாம்."

ரத்தத்தைப் பிளாஸ்மாவாகப் பிரித்து, உறையவைத்து வெளியூருக்கு அனுப்பினார்கள். ரிப்போர்ட் வரப் பத்து நாள். பி12 குறைவு, ஊசி ஆரம்பித்தாயிற்று. பி-டாவ் மட்டும் ஆமென்றும் இல்லை, இல்லையென்றும் இல்லை, நடுவில் நின்றது. இப்படி நடுவில் நிற்பவர்களுக்கு முதுகுத் தண்டிலிருந்து நீர் எடுத்துப் பார்க்க வேண்டும், இல்லையென்றால் மூளையில் அமிலாய்டு படிந்திருக்கிறதா என்று காட்டும் பெட் ஸ்கேன். தண்டு நீருக்கு அடுத்த வாரம் தேதி கொடுத்திருக்கிறார்கள். டிக்கெட்டைத் தள்ளிப் போட்டுவிட்டேன்.

"எப்பப்பா திரும்பிப் போறே?" என்றார் அப்பா.