சொசைட்டி பயிர்க்கடன்: குதிரில் எத்தனை மூட்டை மிஞ்சும்?

தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம், அதாவது ஊர் வழக்கில் சொசைட்டி, தரும் பயிர்க்கடனை, அறுப்பு முடிந்தபின் வீட்டுக் குதிரில் தங்கும் நெல்லை வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

சம்பாவுக்கு 50,000 ரூபாய் வெளியில் மூன்று வட்டிக்கு (மாதம் நூற்றுக்கு மூன்று ரூபாய்) வாங்கினால், ஆறு மாதத்தில் வட்டி மட்டும் 9,000. 2025-26 பருவத்தில் பொது ரக நெல்லின் கொள்முதல் விலை குவிண்டாலுக்கு 2,500 ரூபாய். அந்தக் கணக்கில் வட்டிக்கே 360 கிலோ நெல் போகிறது. அரைத்தால் ஏறக்குறைய 230 கிலோ அரிசி, நாலு பேர் உள்ள வீட்டுக்கு ஐந்தாறு மாதச் சோறு. கடன் கொடுத்தவரே நெல் வியாபாரி என்றால் களத்திலேயே அளந்துகொண்டு போய்விடுவார். சொசைட்டியில் வட்டி ஆண்டுக்கு 7 சதவீதம். தவணைக்குள் கட்டினால் அதுவும் இல்லை. தேதி தப்பினால் சலுகை போய்விடும், ஆகவே தவணைத் தேதியைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

சிட்டா (நிலம் யார் பெயரில் என்று காட்டும் சான்று), கிராம நிர்வாக அலுவலர் (விஏஓ) கையெழுத்திட்ட அடங்கல் (எந்த நிலத்தில் என்ன பயிர் என்ற பதிவு), ஆதார், குடும்ப அட்டை, புகைப்படம், கூட்டுறவு வங்கிக் கணக்கு ஆகியவை வேண்டும். உறுப்பினர் இல்லையென்றால் பங்குத்தொகை கட்டிச் சேர வேண்டும். அடங்கலில் சர்வே எண்ணின் உட்பிரிவு, பயிர், பரப்பு மூன்றையும் விரல் வைத்துப் பாருங்கள். அதில் பிழை இருந்தால் கடன் மட்டுமல்ல, பயிர்க் காப்பீடும் சிக்கும். பட்டா இன்னும் தாத்தா பெயரிலேயே இருப்பதும் அடிக்கடி வரும் தடை.

பெரிய குறை, பணம் வரும் நேரம். மணிச்சத்து (பாஸ்பரஸ்) மண்ணில் நகராது. அந்தச் சத்துள்ள டிஏபி உரத்தைக் கடைசி உழவில் போட்டால்தான் வேருக்கு எட்டும். நடவு முடிந்தபின் கடன் வந்தால் அடியுரத்துக்கு வெளியில் கைநீட்டியாக வேண்டும், மிச்சமாக வேண்டிய மூட்டைகள் அங்கேயே கரையும். நாற்று விடும் வாரத்திலேயே மனுவைக் கொடுத்துவிடுவது நல்லது.

கடனில் ஒரு பகுதி உரமாக வரும். 45 கிலோ யூரியா மூட்டை 266.50 ரூபாய், 50 கிலோ டிஏபி 1,350. உரம் வாங்கும்போது கைரேகை வைத்ததும் விற்பனை இயந்திரம் தரும் ரசீதில் மூட்டை எண்ணிக்கையைச் சரிபாருங்கள். கேட்காத நானோ யூரியா (திரவ உரம்) பாட்டிலைச் சேர்த்துத் தள்ளினால் மறுத்துவிடலாம். நாற்று பிடித்துக் காய்ப்பேறிய விரலில் ரேகை பதியாமல் வயதானவர்கள் திரும்பிப் போவதைப் பார்க்கச் சங்கடமாக இருக்கிறது. அவர்களுக்கு மாற்று வழி கட்டாயம் வேண்டும்.

வாய்மொழிக் குத்தகைக்காரருக்கு இந்தச் சேவை பெரும்பாலும் எட்டுவதே இல்லை. சிட்டா நிலக்காரர் பெயரில். அடங்கலில் குத்தகைக்காரர் பெயரை ஏற்ற நிலக்காரர் சம்மதிக்க மாட்டார். வீட்டு நெல் முதலில் தீர்ந்துபோவது இந்த உழவர்களுக்குத்தான்.