பழைய பெட்ரோல் வண்டியில் ஏற்காடு ஏறுகிறவர்கள் டேங்க் மூடியைப் பார்த்துவிடுங்கள்

கேபினுக்குள் அடிக்கும் பெட்ரோல் வாடையை நிறுத்தித் தருகிறேன் என்று சொன்ன சேலத்து ஒர்க்ஷாப் ஒன்று, டேங்குக்குக் காற்று போய்வரும் வழியையே அடைத்துக் கொடுத்துவிட்டது. உங்களில் யாருக்கும் இது நடக்கக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

வண்டி 1951 ஷெவ்ரோலே பிக்கப். மாமனார் காலத்தில் எஸ்டேட்டில் காபி மூட்டை ஏற்றியது. இந்த மாடலில் டேங்க் கேபினுக்குள்ளேயே, சீட்டுக்குப் பின்னால் நிற்கும். சின்னக் கசிவு கூட நேராக மூக்குக்கு வந்துவிடும். பெட்ரோல் அளவு காட்டும் கேஜ் டேங்கில் உட்காரும் இடத்துக் கேஸ்கெட் (கசிவைத் தடுக்கும் வளையம்), பெட்ரோல் ஊற்றும் இடத்து ரப்பர் ஹோஸ் எல்லாம் புதுசு என்று 14,500 ரூபாய்க்குப் பில் போட்டார்கள். "இனிமே வாடையே வராதுங்க சார்" என்றார் ஓனர்.

சேலத்துக்குள் ஓட்டும்போது வரவில்லைதான். மலை ஏறியதும் தெரிந்தது. சேலம் சுமார் 280 மீட்டர் உயரம், ஏற்காடு 1,500. மேலே போகும்போது வெளிக்காற்றின் அழுத்தம் கிட்டத்தட்ட ஏழில் ஒரு பங்கு குறைகிறது. அதோடு வெயிலும் சேர்ந்தால் பெட்ரோல் ஆவி வெளியேற வழி தேடும். பழைய மூடியில் அதற்கென்றே சின்ன ஓட்டை உண்டு. இவர்கள் அதை எடுத்துவிட்டு, வேறு ஏதோ வண்டியின் ஓட்டையில்லாத பூட்டு மூடியைப் போட்டிருந்தார்கள். ஆவி கேஸ்கெட் வழியாகக் கேபினுக்குள் பீறிட்டது. இருபது கொண்டை ஊசி வளைவு முடிவதற்குள் பக்கத்தில் இருந்த என் மகள் வாந்தி எடுத்துவிட்டாள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம். கேபின் தரையில் தங்கும். காற்றில் 1.4 சதவீதம் கலந்தாலே ஒரு தீப்பொறி போதும். இப்போது நினைத்தாலும் வயிறு கலங்குகிறது.

மேலே ஒரு மெக்கானிக் மூடியைத் திருகியதும் புஸ்ஸென்று காற்று வந்தது. கேஸ்கெட் பழைய கார்க்தான், மேலே எம்-சீல் அப்பியிருந்தது. ஹோஸும் பழசுதான், வெடிப்பு தெரியாமல் கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தார்கள். இன்று பங்கில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல், பழைய ரப்பரை அரித்துவிடும் என்றார் அவர். அதே மூடியோடு கீழே இறங்கியிருந்தால் நேரெதிராக நடந்திருக்கும்: டேங்க்குக்குள் வெற்றிடம் உண்டாகி, பெட்ரோல் வராமல் வளைவிலேயே இன்ஜின் நின்றிருக்கலாம். வண்டியை அங்கேயே விட்டுவிட்டு பஸ்ஸில் இறங்கினோம்.

ஓனரிடம் கேட்டால், "பழைய வண்டின்னா அப்படித்தாங்க." ஒரிஜினல் மூடி எங்கே என்றதற்குப் பதிலே இல்லை. பணமும் திரும்பவில்லை. பில்லில் 'புதிய ஹோஸ்' என்று எழுதியிருப்பதால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன்.

இப்போது ஓட்டை உள்ள மூடி, எத்தனால் தாங்கும் ஹோஸ், புது கேஸ்கெட் எல்லாம் போட்டாயிற்று. வாடை இல்லை. நீங்கள் டேங்க் வேலைக்கு விட்டால், கழற்றிய பழைய சாமான்களைக் கையில் வாங்கிப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள். சமீபத்தில் யாராவது மூடி மாற்றியிருந்தால், அடிவாரம் தாண்டுவதற்கு முன் அதில் ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள்.