10 மடங்கு கைலென்ஸ்: அத்திக்காய்க்குள் பார்க்க இதுவே போதும்

பிளஸ் டூ விலங்கியல் எடுக்கிறேன். மடக்கிச் சட்டைப்பையில் போடும் இந்த லென்ஸை வாங்கியதே அத்திக் குளவிக்காகத்தான். பிளாஸ்டிக் இல்லை, நல்ல கண்ணாடி. உருவம் கலங்காமல் தெரிகிறது.

அத்திப்பழத்தைப் பிட்டால் அத்தனையும் புழு என்பார்கள். இதில் பார்த்தால் அவை குளவிகள். பழுக்காத, வெளியே துளை விழாத காயாகப் பிளக்க வேண்டும். உள்ளே வீங்கிய விதைகள் போன்ற சிற்றறைகள். அவற்றின் மேல் இறக்கையே இல்லாத மஞ்சள் நிற ஆண்கள் ஊர்ந்துகொண்டிருக்கும். பெண் தன் அறையை விட்டு வெளியே வருவதற்கு முன்பே ஆண் அறைச்சுவரைக் கடித்துத் துளைத்து, வயிற்றின் நீண்ட நுனியை உள்ளே விட்டு இணைந்துவிடும். துளையின் விளிம்பும் உள்ளே இருக்கும் கறுத்த பெண்ணும்கூட லென்ஸில் தெரிகின்றன. அப்புறம் காயின் சுவரில் வழி குடைந்துவிட்டு ஆண்கள் செத்துப்போகும். பெண்கள் மகரந்தத்தோடு அந்த வழியாகப் பறந்துவிடும்.

எண்ணிப் பாருங்கள், பெண்களே அதிகம். ஒரே தாய் முட்டையிட்ட காயில் இணைவது அண்ணனும் தங்கையும்தான். மகன்கள் தங்களுக்குள் போட்டி போடுவதால் தாய்க்கு லாபம் இல்லை. சில மகன்கள் போதும், மற்றவை மகள்களானால் அவள் வம்சம் பெருகும். 1967-இல் பரிணாம உயிரியலாளர் டபிள்யூ. டி. ஹாமில்டன் தந்த விளக்கம் இது. கருவுற்ற முட்டை பெண், கருவுறாதது ஆண். முட்டையைக் கருவுறச் செய்வதா வேண்டாமா என்பது தாயின் கையில். ஆகவே ஆண் பெண் கணக்கைத் தாயே மாற்ற முடியும். பல தாய்கள் நுழைந்த காயில் மகன்களின் பங்கு கூடுகிறது. இந்த இடத்துக்கு வரும்போது வகுப்பில் ஒரு பிள்ளையும் அசையாது.

குறை இல்லாமல் இல்லை. பார்க்கும் வட்டம் சிறியது. கூடவே வரும் விளக்கு, குளவியின் பளபளப்பான முதுகில் பட்டுக் கண் கூசுகிறது. அதை அணைத்துவிட்டு வெயிலில் பார்ப்பதே நல்லது. லென்ஸைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்து, காயை இரண்டரை சென்டிமீட்டர் தூரத்துக்குக் கொண்டுவாருங்கள். 60 மடங்கு என்று விற்பது இந்த வேலைக்கு வேண்டாம். காய் லென்ஸில் முட்டும் அளவுக்கு நெருங்கினால்தான் அதில் உருவம் தெரியும்.

வகுப்புக்கென்றால் மூன்று நான்காக வாங்குங்கள். ஒன்றையே கைமாற்றினால் கடைசி பெஞ்சுக்குப் போவதற்குள் பெண் குளவிகள் பறந்துவிடும்.