ஆர்-9 பெட்ரோல் ஹோஸ்: 1984 அம்பாசிடரில் ஆறு மாத அனுபவம்

எங்கள் வீட்டு அம்பாசிடர் 1984-ஆம் ஆண்டு மார்க் 4. 1489 சிசி பெட்ரோல் வண்டி. சேலத்தில் அஸ்தம்பட்டிக்கும் ஜங்ஷனுக்கும் இடையே ஒரு குறையும் சொல்லாமல் ஓடிக்கொண்டிருந்த அந்த வண்டி, சென்ற மே மாதம் ஏற்காடு மலைப்பாதையில் ஏழாவது கொண்டை ஊசி வளைவைத் தாண்டியதும் திணறத் தொடங்கி, ஒன்பதாவது வளைவில் நின்றேவிட்டது. பத்து நிமிடம் ஓரங்கட்டி வைத்தால் கிளம்பும்; இரண்டு வளைவு ஏறும்; மறுபடியும் நிற்கும். வேப்பர் லாக் என்றுதான் முதலில் எண்ணினேன். என்ஜின் சூட்டில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகி வழியை அடைத்துக்கொள்வது பழைய கார்புரேட்டர் வண்டிகளுக்குப் புதிதல்ல. மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறைவதால் பெட்ரோல் இன்னும் எளிதாக ஆவியாகும். ஆகவே டேங்கிலிருந்து பெட்ரோலை இழுக்கும் பம்ப் மீது ஈரத்துணியைச் சுற்றி, பானட்டைத் திறந்து வைத்து, ஒருவழியாக வண்டியை ஏற்காட்டின் ஒண்டிக்கடை வரை கொண்டுபோய்ச் சேர்த்தேன்.

சேலம் திரும்பியபின் கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கி நிற்கும் சிறு அறையான ஃப்ளோட் சேம்பரைத் திறந்து பார்த்தபோது சந்தேகம் வேறு பக்கம் திரும்பியது. அடியில் மைதா போன்ற மெல்லிய கறுப்புப் பொடி படிந்திருந்தது. துருவாக இருந்தால் செந்நிறமாக இருந்திருக்கும். இது விரலில் தேய்த்தால் மை போல ஒட்டிக்கொண்டது.

அந்தப் பொடியையும், பம்ப்பிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் ஹோஸையும் ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டு, பழைய பேருந்து நிலையத்துக்கு அருகில் ஒரு சந்தில் இருக்கும் உதிரிபாகக் கடைக்குப் போனேன். கடையின் பெயரை எழுத வேண்டாம் என்று உரிமையாளர் கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை. நான் டப்பாவைத் திறந்ததும் அவர் ஒன்றும் கேட்காமல் ஹோஸை மேசை மீது வைத்து பிளேடால் நீளவாக்கில் கீறி, மீன் வயிற்றைப் பிளப்பதைப் போல விரித்துக் காட்டினார். வெளியே பளபளவென்று புதிதாகத் தெரிந்த அந்தக் குழாயின் உட்தோல் ஓரிடத்தில் உரிந்து, நாக்கு போலத் தொங்கிக்கொண்டிருந்தது. ஐடிலிங்கில் கொஞ்சமே பெட்ரோல் போகும்போது அந்த நாக்கு ஒதுங்கிக் கிடக்கும். ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை மிதித்து ஓட்டம் கூடியதும் எழுந்து வழியை மறிக்கும். வண்டியைச் சற்று நேரம் நிறுத்தி வைத்தால் ஏன் சரியாகிறது என்பது அப்போதுதான் விளங்கியது.

“இது தண்ணி ஹோஸுங்க. இதுல பெட்ரோல் ஓட்டக் கூடாது. யாரு மாட்டுனது?” என்றார்.

முந்தைய ஆண்டு நகரத்திலேயே ஒரு ஒர்க்‌ஷாப்பில், கார்புரேட்டர் சர்வீஸின்போது “ஹோஸும் புதுசா மாத்தியாச்சு சார்” என்று பெருமையாகச் சொல்லிப் பணம் வாங்கியிருந்தார்கள். அந்த ஹோஸின் மேல் ஓர் எழுத்துகூட அச்சிடப்படவில்லை என்பதை நானும் அன்று கவனிக்கவில்லை. பாதிக் குற்றம் என்னுடையது.

அவர் பரிந்துரைத்து நான் வாங்கியதுதான் இங்கே மதிப்பிட எடுத்துக்கொண்ட பொருள்: உட்புறத்தில் ஃப்ளூரோ ரப்பர் பூச்சு கொண்ட, எஸ்ஏஇ ஜே30 ஆர்-9 என்ற தரக்குறியீடு உடல் முழுவதும் வரிசையாக அச்சிடப்பட்ட எரிபொருள் ஹோஸ். இதே ஜே30 தரவரிசையில் ஆர்-6, ஆர்-7 ஆகியவை கார்புரேட்டர் வண்டிகளின் குறைந்த அழுத்தத்துக்கானவை. ஆர்-9 இன்ஜெக்‌ஷன் வண்டிகளின் உயர் அழுத்தத்துக்கானது. அம்பாசிடரின் மெக்கானிக்கல் பம்ப் தருவது சில பிஎஸ்ஐ அழுத்தம்தான்; அதற்கு ஆர்-9 எதற்கு என்று கேட்டேன். அழுத்தத்துக்காக அல்ல, எத்தனாலுக்காக என்றார். 2023 பிப்ரவரியில் சில பங்க்குகளில் தொடங்கிய, இருபது சதவீதம் வரை எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் இன்று ஏறக்குறைய எல்லா பங்க்குகளிலும் வந்துவிட்டது. எத்தனால் கலந்த பெட்ரோலுக்காக உருவாக்கப்படாத பழைய வகை ரப்பர், அதில் ஊறி உப்பி, மென்மையாகி, பிறகு வறண்டு வெடிக்கிறது. வண்டியை வாரக்கணக்கில் நிறுத்தி வைப்பவர்களுக்கு இது இன்னும் சீக்கிரம் நேரும். ஃப்ளூரோ பூச்சு இதைத் தாங்கும் என்பதற்காகவே கூடுதல் பணம்.

விலை மீட்டருக்கு 480 ரூபாய். அதே கடையில் எழுத்தில்லாத கறுப்பு ஹோஸ் மீட்டர் 70 ரூபாய்க்குத் தொங்குகிறது; அதைக் காற்றுக்கும் தண்ணீருக்கும் மட்டுமே தருகிறார்கள். நான் இருந்தபோதே, பைக்குக்கு அதைக் கேட்டு வந்த ஒருவரிடம் விற்க மறுத்து அனுப்பினார். இந்தக் கடையை நான் நம்புவதற்கு அது ஒன்றே போதும்.

அளவை அவர் கண்ணால் மதிப்பிடவில்லை. வெர்னியர் அளவுகோலை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, வண்டியின் இரும்புக் குழாயில் வைத்துப் பார்த்தார், 7.9 மில்லிமீட்டர் காட்டியது. மோரிஸ் ஆக்ஸ்போர்டு என்ற பிரிட்டிஷ் காரின் வழி வந்த வண்டியாகையால் குழாய்கள் அங்குலக் கணக்கில் இருக்கும்; இது பதினாறில் ஐந்து பங்கு அங்குலம், ஆகவே 8 மில்லிமீட்டர் ஹோஸ் பொருந்தும் என்றார். ஒரு சுற்று பெரிய ஹோஸை வாங்கி கிளிப்பை முறுக்கி அடக்கிவிடலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. அப்படி அடக்கினால் ரப்பர் ஒரு பக்கம் மடிந்து, அந்த மடிப்பின் வழியே கசியும்.

கிளிப்பைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். பட்டையில் வெட்டுப் பற்கள் உள்ள சாதாரணத் திருகு கிளிப், இறுக்க இறுக்க ரப்பரைத் துருவிவிடும். இவர் கொடுத்தது பட்டையில் துளையே இல்லாத, விளிம்பு வெளிப்பக்கம் மடிக்கப்பட்ட, சிறு போல்ட்டால் இறுக்கும் வகை. ஒன்று 35 ரூபாய். இரண்டு வாரம் கழித்து ஒன்றைக் கழற்றிப் பார்த்தேன். ரப்பரில் வட்டமாக ஒரு தடம் மட்டும் இருந்தது, கீறல் இல்லை.

மாட்டும் வேலையை வீட்டிலேயே செய்தேன். என்ஜின் முழுவதும் ஆறிய பின், பேட்டரியின் எர்த் முனையைக் கழற்றிவிட்டுத்தான் தொடங்கினேன். அம்பாசிடரில் கார்புரேட்டரும், சூடான புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் என்ஜினின் ஒரே பக்கத்தில், ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. ஹோஸ் கசிந்தால் பெட்ரோல் சொட்டும் இடம் சூடான இரும்புதான் என்பதை நினைத்தாலே கை தானாக நிதானப்படும். ஹோஸின் உட்புறத்தில் ஒரு சொட்டு என்ஜின் ஆயில் தடவி, திருகித் திருகி ஏற்றினேன். உலர்வாக வைத்து அழுத்தினால் குழாய் முனை அந்த மெல்லிய பூச்சைக் கிழித்துவிடும் என்று கடையிலேயே எச்சரித்திருந்தார்கள்.

மேல் ஹோஸை மட்டும் மாற்றிவிட்டு, டேங்கிலிருந்து வரும் இரும்புக் குழாயையும் பம்ப்பையும் இணைக்கும் கீழ் ஹோஸை விட்டுவிடுவது பலர் செய்யும் தவறு. அது உறிஞ்சும் பக்கம். அங்கே வெடிப்பு விழுந்தால், ஓடும்போது பெட்ரோல் வெளியே வராது. காற்று உள்ளே போகும். சொட்டு இல்லை, வாசனை இல்லை, வண்டி மட்டும் இழுக்காது. என் வண்டியின் கீழ் ஹோஸை வளைத்துப் பார்த்தபோது முடி போன்ற வெடிப்புகள் வரிசையாகத் தெரிந்தன. இரண்டுக்கும் சேர்த்து ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவாகவே செலவாயிற்று.

குறைகளும் உண்டு. இந்த ஹோஸ் விறைப்பானது. பழையது வளைந்த அதே குறுகிய வளைவில் இதை வளைத்தபோது நடுவில் நசுங்கியது. அதனால் ஒரு சாண் கூடுதலாக விட்டு, மேனிஃபோல்டிலிருந்து விலக்கி, அகலமான வளையமாகக் கொண்டுபோக வேண்டியதாயிற்று. பானட்டைத் திறந்தால் அந்த வளையம் அழகாக இல்லை. கண்காட்சிக்கு வண்டியைத் துடைத்து நிறுத்துபவர்கள், துணிப்பின்னல் போர்த்திய பழைய தோற்றம் போய்விட்டதே என்று முகம் சுளிக்கலாம். இன்னொன்று, டேங்குக்கு உள்ளே பெட்ரோலில் மூழ்கிக் கிடக்கும் இடத்துக்கு இது ஆகாது; அதற்கு ஆர்-10 என்று தனி வகை உண்டு.

ஆறு மாதத்தில் ஏற்காட்டுக்கு நான்கு முறை ஏறியிருக்கிறேன். இருபது வளைவுகளையும் நிற்காமல் ஏறியது மூன்று முறை. ஜூன் மாத மதியம் ஒன்றில், நான்கு பேரும் சாமான்களும் ஏறியிருந்தபோது, பதினான்காவது வளைவுக்குமேல் ஒரு நிமிடம் தயங்கியது. அது உண்மையான வேப்பர் லாக்காக இருக்கலாம். ஹோஸ் மாற்றுவது அதற்கு முழு மருந்து என்று நான் சொல்ல மாட்டேன். ஃப்ளோட் சேம்பரை இந்த வாரம் மறுபடியும் திறந்தேன். வெள்ளைத் துணியால் அடியைத் துடைத்ததில் லேசான பழுப்பு மட்டும் ஒட்டியது.

கடையில் கார்டு வாங்குவதில்லை, ரொக்கமும் ஜிபேயும்தான். மதியம் இரண்டு மணி முதல் மூன்றரை வரை ஷட்டர் பாதி இறங்கியிருக்கும். பழைய ஹோஸைக் கழற்றி எடுத்துக்கொண்டு போங்கள். வெறும் வாய் வார்த்தையாக அளவைச் சொன்னால் அவர் வெட்டித் தர மாட்டார்.