6,400 மணி நேரம், ஒரு மஞ்சள் வயர்

நாமக்கல் நண்பர் நேற்று ராத்திரி போன் செய்தார். என்னிடம் இருக்கிற அதே 20 டன் எக்ஸ்கவேட்டரை டீலர் விலை குறைத்துத் தருகிறாராம், அட்வான்ஸ் கொடுக்கலாமா என்று கேட்டார். "காலையில் சொல்றேன்" என்று வைத்துவிட்டேன். அவருக்குச் சொல்ல நினைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். கம்பெனி பெயர் கேட்காதீர்கள், இன்னும் அவர்களிடம்தான் பில்டர் வாங்க வேண்டியிருக்கிறது.

பக்கெட் கொள்ளளவு, குதிரைத்திறன் எல்லாம் கேட்டலாக்கில் இருக்கிறது. ஹவர் மீட்டர் இப்போது 6,400. டீசல் குறை சொல்ல முடியாது. முன்பு வைத்திருந்த பழைய வண்டி மணிக்கு 17, 18 லிட்டர் குடிக்கும். இது பக்கெட் வேலையில் 13ஐத் தாண்டியதில்லை. ஹைட்ராலிக் பம்ப்பை ரிப்பேருக்குத் தொடவே இல்லை. ஆபரேட்டர் தம்பி வேறு வண்டியில் ஏற மாட்டேன் என்கிறான். அவ்வளவும் உண்மை.

போன வருஷம் க.பரமத்தி பக்கம் ஒரு குவாரியில் பிரேக்கர் (பக்கெட்டுக்குப் பதிலாக மாட்டிப் பாறை உடைக்கிற சுத்தியல்) ஓடிக்கொண்டிருந்தபோது மானிட்டரில் சிவப்பாக ஒரு வரி வந்தது: என்ஜின் கன்ட்ரோலரோடு தொடர்பு இல்லை. ஆர்பிஎம் இருக்கிற இடத்தில் கோடு கோடாக நின்றது. தண்ணி சூடு காட்டுகிற முள் படுத்துவிட்டது. பம்ப் தானாகவே சக்தியைக் குறைத்துக்கொள்ள, வண்டியின் பெரிய கை, பூம், நோயாளி மாதிரி எழுந்தது. சாவியை அணைத்துப் போட்டால் சரியாகிவிடும். அரை மணி கழித்து மறுபடியும் அதே வரி.

சர்வீஸ் இன்ஜினியர் லேப்டாப்போடு வந்தார். எஸ்பிஎன் 639, எஃப்எம்ஐ 9 என்று எரர் கோடு காட்டியது. அன்றைக்கு எனக்கு அது வெறும் நம்பர். என்ஜின் ஓடுகிறது, அதனால் ஈசிஎம், அதாவது என்ஜின் கன்ட்ரோலர், நன்றாக இருக்கிறது; வெயிலில் மானிட்டர் சூடாகிறது; மானிட்டரை மாற்றுங்கள் என்றார். தம்பி ஓரமாக நின்று, "பிரேக்கர் மாட்டுனாத்தானுங்க வருது, ஏரி வேலையில ஒரு நாளும் வரலீங்" என்றான். அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. பிரேக்கர் வேலை குவாரியில், குவாரியில் மொட்டை வெயில், ஆகவே வெயில்தான் காரணம் என்று எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொண்டோம்.

மானிட்டருக்கு 1 லட்சத்து 38 ஆயிரம். மாற்றியபின் மூன்று வாரம் தூர்வாரும் வேலை. ஒரு எரர் இல்லை. டீலரிடம் நன்றி வேறு சொன்னேன். நான்காவது வாரம் குவாரிக்குள் போய்ப் பிரேக்கரை மாட்டினோம், பத்து நிமிஷத்தில் அதே சிவப்பு வரி. அடுத்தது ஈசிஎம் பார்க்கலாம் என்றார்கள். அதன் விலையைக் கேட்டதும் போனை வைத்துவிட்டேன்.

கரூரில் லாரிக்கு வயரிங் பார்க்கிற ஒரு பெரியவரைக் கூட்டிவந்தேன். அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, நேராகத் தம்பியிடம் போய் "எப்ப வருது, எப்ப வரல, சொல்லு" என்றார். கேட்டுவிட்டு மெயின் சுவிட்சை ஆஃப் செய்யச் சொன்னார். சீட்டுக்குப் பின்னால், லேப்டாப் மாட்டுகிற 9 பின் சாக்கெட்டில், சி, டி என்ற இரண்டு பின்னிலும் மல்டிமீட்டர் குத்தினார். 60.3 ஓம்ஸ்.

அதை அவர் விளக்கியபடியே சொல்கிறேன். என்ஜின், ஹைட்ராலிக், மானிட்டர் எல்லா கன்ட்ரோலரும் ஒரே ஜோடி முறுக்கு வயரில்தான் பேசிக்கொள்கின்றன, மஞ்சள் ஒன்று, பச்சை ஒன்று. இதுதான் கேன் பஸ்; 1986இல் போஷ் காருக்கு என்று கொண்டுவந்தது, ஜே1939 என்ற பெயரில் நம் வண்டிகளுக்குள்ளும் வந்துவிட்டது. யாரும் பேசாதபோது இரண்டு வயரிலும் 2.5 வோல்ட். பேசும்போது ஒன்று 3.5க்கு ஏறும், மற்றது 1.5க்கு இறங்கும். ஜோடியின் இரு முனையிலும் 120 ஓம்ஸ் ரெசிஸ்டர் ஒவ்வொன்று. இரண்டும் இணையாக இருப்பதால் நடுவில் எங்கே அளந்தாலும் 60 வர வேண்டும். 120 வந்தால் ஒரு முனை அறுந்திருக்கிறது. பூஜ்யம் என்றால் இரண்டு வயரும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 40 என்றால் மூன்றாவது ரெசிஸ்டர் எங்கிருந்தோ வந்திருக்கிறது. அவர் பார்த்த ஒரு வண்டியில், வெளியே வாங்கிப் பொருத்திய ஜிபிஎஸ் பெட்டிக்குள் அது இருந்ததாம். 639 என்பதும் என்ஜின் கோடு இல்லை, இந்த வயர் ஜோடியின் கோடு.

60 வந்துவிட்டதே, அப்போது வயர் நன்றாகத்தானே இருக்கிறது என்றேன். "இருங்க" என்று மீட்டரை அப்படியே விட்டுவிட்டு, கேபின் கைப்பிடியைப் பிடித்துக் குலுக்கச் சொன்னார். கேபின் ரப்பர் மவுண்டில் உட்கார்ந்திருப்பதால் கொஞ்சம் ஆடும். தம்பி குலுக்கினான். 60.3, 60.4, 60.3. அடுத்த குலுக்கலில் 119.8. நிறுத்தியதும் மறுபடி 60. பிரேக்கர் நாளெல்லாம் செய்கிற வேலையை அவன் இரண்டு கையால் செய்து காட்டிவிட்டான்.

கேபினிலிருந்து என்ஜின் பக்கம் போகிற வயர் கட்டு, ஹார்னஸ், தரைத் தகட்டுக்குக் கீழே வளைகிற இடத்தில் ஒரு கிளாம்ப் இல்லை. முன்பு ஏசி பைப் மாற்றியபோது கழற்றியவர்கள் திரும்ப மாட்டவே இல்லை. டேப்பைப் பிரித்துப் பார்த்தால் வயர் புத்தம் புதிது போல இருந்தது, மேலே ஒரு கீறல் கிடையாது. மஞ்சள் வயரை விரலால் தடவிக்கொண்டே போனார், ஓரிடத்தில் நூல் மாதிரி தொய்ந்தது. கீறிப் பார்த்தால் உள்ளே செம்பு கறுத்துப்போய், இரண்டே இழையில் தொங்கிக்கொண்டிருந்தது.

வெட்டி, கிரிம்ப் போட்டு, ஹீட் ஷ்ரிங்க் ஏற்றி, பச்சையோடு பழையபடி முறுக்கினார். முறுக்கு விட்டுப்போனால் ஆல்டர்னேட்டர் சத்தமெல்லாம் உள்ளே புகுந்துவிடுமாம். கிளாம்ப் ஒன்று மாட்டினார். கூலி 1,500. அன்றைக்கே 600 ரூபாய்க்கு ஒரு மீட்டர் வாங்கி டூல் பாக்ஸில் போட்டேன். எட்டு மாதமாகக் குவாரியில் பிரேக்கர் ஓடுகிறது, அந்த வரி வரவே இல்லை.

இதில் வண்டியின் தப்பு எவ்வளவு? நியாயமாகச் சொன்னால் ஒன்றுமில்லை. என்ஜின் பேசுவது கேட்கவில்லை என்று மானிட்டர் சரியாகத்தான் சொன்னது. போனில் "ஹலோ, கேக்கல" என்றவனின் காதை அறுத்து வேறு காது வைத்தது நாங்கள்தான். ஜேசிபி வகை சக்கர வண்டிக்குப் போனாலும் தப்பிக்க முடியாது. 2021 ஏப்ரலில் பிஎஸ் 4 புகை விதி வந்ததிலிருந்து அதற்கும் எலக்ட்ரானிக் என்ஜின்தான். இதெல்லாம் தெரிந்தும், அந்த 1 லட்சத்து 38 ஆயிரம் பில் கண்ணில் படும்போதெல்லாம் வண்டியைத்தான் உதைக்கத் தோன்றுகிறது.

அதனால் நண்பருக்கு என் பதில்: வாங்காதீங்க. மீறி வாங்கினால், கழற்றிய பழைய மானிட்டர் என் வீட்டு பீரோவில் இருக்கிறது. நல்ல கண்டிஷன், ஒரு குறையும் இல்லை. டீலர் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டேன் என்றுவிட்டார். வந்து எடுத்துக்கொண்டு போங்கள்.