கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து அரசு ஆய்வகத்தில் மலேரியாப் பரிசோதனை: ஒரு மதிப்பீடு

பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் வழியாகவோ, கோவையிலிருந்து வேலந்தாவளம் வழியாகவோ கேரளத்துக்குள் நுழைந்தால், பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்தின் கிழக்கு ஓரத்தில் தமிழ் பேசும் ஊர்கள் நிறைய உண்டு. அவற்றில் சில ஊர்களுக்குப் பொதுவான ஓர் அரசுக் குடும்ப ஆரோக்கிய மையத்தின் ஆய்வகத்தைப் பற்றியும், அதிலும் அங்கு நடக்கும் மலேரியாப் பரிசோதனையைப் பற்றி மட்டும், இங்கே எழுதுகிறேன். பல ஆண்டுகள் ஆய்வக நுட்பநராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்பதால், வரிசை எவ்வளவு நீளம், உட்கார நாற்காலி உண்டா என்பதையெல்லாம் விட, விரலில் ரத்தம் எடுத்த பிறகு கதவுக்கு அந்தப்பக்கம் என்ன நடக்கிறது என்பதையே நான் கவனித்தேன். குறைகளையும் சொல்ல வேண்டியிருப்பதால் மையத்தின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன்.

எங்கள் தென்னந்தோப்பில் வேலை செய்யும் ஒடிசா இளைஞர் ஒருவர், ராயகடா பக்கத்திலுள்ள சொந்த ஊருக்குப் போய்விட்டுத் திரும்பிய சில நாட்களில் குளிர் காய்ச்சலில் விழுந்தார். முதலில் அழைத்துச் சென்றது ஊருக்கு அருகிலிருந்த ஒரு தனியார் ஆய்வகத்துக்கு. ரத்தம் எடுத்துக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை, ‘ரத்தப் பூச்சில் மலேரியாக் கிருமி காணப்படவில்லை’ என்று அச்சடித்த தாள் கைக்கு வந்துவிட்டது. கண்ணாடியில் தடிப்பாக இட்ட ரத்தப் பூச்சு ஒன்றைக் காயவிட்டு, சாயம் ஏற்றி, கழுவி, மறுபடி காயவிட்டு, எண்ணெய் லென்ஸின் அடியில் வைத்துப் பார்க்க ஆகும் நேரத்தை அறிந்த எவரும் அந்தத் தாளை நம்பியிருக்க மாட்டார்கள். ஜிம்சா சாயத்தை 10 சதவீதக் கரைசலாகப் பயன்படுத்தினாலே சாயம் பிடிக்கப் பத்து நிமிடங்களுக்குக் குறையாது. 3 சதவீதக் கரைசலென்றால் அரை மணி முதல் முக்கால் மணி நேரம் வேண்டும். அதற்குப் பின் 100 பார்வைப் புலங்களையாவது (நுண்ணோக்கியில் ஒரு நேரத்தில் தெரியும் வட்டம் ஒரு புலம்) பொறுமையாகத் தேடிய பிறகே ‘இல்லை’ என்று எழுதலாம். மறுநாள் காலை அவரை அரசு மையத்துக்கு அழைத்துச் சென்றேன்.

ஓ.பி. சீட்டு வாங்கி மருத்துவரைப் பார்த்து ஆய்வகத்துக்குப் போனதும், அங்கிருந்த நுட்பநர் சகோதரி முதலில் கேட்ட கேள்வி, ‘கடைசியாக எந்த ஊருக்குப் போய் வந்தார்?’ என்பதுதான். பதிலைப் பதிவேட்டில் எழுதிய பிறகே ஊசியை எடுத்தார். இடது கை மோதிர விரலில் குத்தி, முதல் துளியைத் துடைத்துவிட்டு, ஒரே கண்ணாடியில் தடித்த பூச்சும் மெல்லிய பூச்சுமாக இரண்டையும் இட்டு, மெல்லிய பூச்சின் மேலேயே பென்சிலால் எண் எழுதினார். பூச்சு காய்வதற்கு ஸ்லைடைத் தட்டையாக வைத்து, மேலே ஒரு மூடி கவிழ்த்தார். ஈயும் எறும்பும் ரத்தப் பூச்சைத் தின்றுவிடும் என்பதை அறிந்தவர்கள் செய்யும் காரியம் அது. ‘மழை நாளில் காயறதுக்கு நேரம் ஆகும் சார். அவசரப்பட்டுச் சாயத்தில் வெச்சா தடிச்ச பூச்சு கழண்டு போயிரும்’ என்று, நான் கேட்காமலேயே சொன்னார்.

அடுத்த படிதான் எனக்கு மிகுந்த நிறைவைத் தந்தது. மெல்லிய பூச்சை மட்டுமே மெத்தனாலில் நிலைப்படுத்த வேண்டும். தடித்த பூச்சின் மேல் மெத்தனால் பட்டுவிட்டால் சிவப்பணுக்கள் கரையாமல் நின்றுவிடும், மலேரியாக் கிருமியான ஒட்டுண்ணி அந்தச் சிவப்புத் திரைக்குள் மறைந்துவிடும். அவர் ஸ்லைடைச் சாய்த்துப் பிடித்து, மெல்லிய பூச்சின் மேல் மட்டும் மெத்தனாலைத் தொட்டு வைத்து, அது மறுபக்கம் வழிந்துவிடாமல் அப்படியே உலரவிட்டார். சாயக் கரைசலுக்குக் குழாய் நீரை அவர் தொடவே இல்லை. எங்கள் பக்கத்து ஆழ்குழாய்க் கிணற்று நீர் எப்படிப்பட்டது என்பது இங்கே வாழ்பவர்களுக்குத் தெரியும். காய்ச்சி வடித்த நீரில் அமில-கார அளவை நிலையாக வைக்கும் தாங்கல் (buffer) மாத்திரையைக் கரைத்து, அந்த அளவு (pH) 7.2 ஆக இருக்கிறதா என்று தாளால் சோதித்து, அதன் பிறகே ஜிம்சாவைக் கலந்தார். நீரின் இந்த pH அளவு தவறினால், வைவாக்ஸ் என்னும் மலேரியா இனம் தொற்றிய சிவப்பணுவில் தெரிய வேண்டிய ஷூஃப்னர் புள்ளிகள் மங்கிவிடும். அவை மங்கினால் இனம் கண்டறிவதில் தவறு நேரும். இவ்வளவு கவனத்தைப் பெரிய மருத்துவமனைகளில்கூட எல்லா நாளும் பார்க்க முடியாது.

நுண்ணோக்கியில் பார்க்கும்போது ஒவ்வொரு புலத்துக்கும் இடது கையால் எண்ணியை ஒருமுறை அழுத்திக்கொண்டே போனார். நடுவில் நிறுத்தி என்னையும் பார்க்கச் சொன்னார். மெல்லிய பூச்சில், அளவு மாறாத சிவப்பணுக்களுக்குள் நூல் போன்ற சிறு வளையங்கள் தெரிந்தன. ஓர் அணுவுக்குள் இரண்டு இருந்தன. ஃபால்சிபாரம், மலேரியாவில் மிக ஆபத்தான இனம். முந்தைய நாள் ‘இல்லை’ என்று தாள் கொடுத்த ஆய்வகத்தின் மேல் எனக்கு உண்டான வருத்தம் இன்னும் தீரவில்லை. இந்த ஒட்டுண்ணியின் எண்ணிக்கை நேரத்துக்கு நேரம் கூடிக் குறையும், ஒரு ஸ்லைடில் தெரியாதது அடுத்ததில் தெரியலாம் என்பது உண்மையே. ஆனால் ஐயம் இருந்தால் மறுபடி ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொல்வது அவர்களுடைய கடமை. அந்தத் தாளில் அப்படி ஒரு வரி இல்லை.

இனத்தைச் சரியாக எழுதுவது ஏன் உயிர்நாடியான காரியம் என்பதை மருந்துச் சீட்டே காட்டும். ஃபால்சிபாரம் என்றால் நம் பகுதியில் ஆர்ட்டீசுனேட்டும் சல்ஃபாடாக்சின்–பைரிமெத்தமினும் சேர்ந்த கூட்டு மருந்து மூன்று நாட்களுக்கும், இரண்டாம் நாளில் ஒரே ஒரு வேளை பிரைமாகுயினும் கொடுக்கப்படும். வைவாக்ஸ் என்றால் குளோரோகுயின் மூன்று நாட்கள். அதோடு, கல்லீரலில் உறங்கிக் கிடக்கும் ஒட்டுண்ணியை அழிக்கப் பிரைமாகுயின் 14 நாட்கள். வெறுமனே ‘மலேரியா பாசிட்டிவ்’ என்று எழுதிக் கொடுக்கும் தாளை வைத்துக்கொண்டு எந்த மருத்துவரும் இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியாது. இந்த மையத்தின் தாளில் இனம் தெளிவாக இருந்தது. ஒட்டுண்ணியின் எண்ணிக்கை மட்டும் இல்லை; கேட்ட பிறகு எழுதிக் கொடுத்தார்கள். மருந்து வேலை செய்கிறதா என்று பின்னர் ஒப்பிட்டுப் பார்க்க அந்த எண் தேவை, ஆகவே கேட்காமலேயே எழுத வேண்டும்.

கேரளத்தில் மலேரியா அரிதாகிவிட்டது என்பது மகிழ்ச்சியான செய்தி. ஆய்வகத்துக்கு அதுவே பெரிய சோதனையும்கூட. ஆண்டில் ஒன்றிரண்டு முறைதான் ஒட்டுண்ணியைக் காண்கிற கண், சாயத் துகளையும் ரத்தத் தட்டணுவையும் ஒட்டுண்ணி என்று எண்ணிவிடும், அல்லது உண்மையான வளையத்தைக் கவனிக்காமல் கடந்துவிடும். உள்நாட்டுத் தொற்றை 2027-க்குள் பூஜ்யமாக்கி, 2030-க்குள் மலேரியாவை ஒழிப்பது என்பது நாட்டின் இலக்கு. முன்பு ஒருமுறை இந்நோய் ஓய்ந்துவிட்டது என்று நம்பிக் கண்காணிப்புத் தளர்ந்தபோது, 1961-ல் ஏறத்தாழ 50 ஆயிரமாக இருந்த நோயாளிகளின் எண்ணிக்கை 1976-ல் 64 லட்சமாக உயர்ந்தது. தளர்ச்சிக்குக் காரணங்கள் பல இருந்தாலும், அரிதாகும் காலத்தில்தான் ஆய்வகக் கண் மிகக் கூர்மையாக இருக்க வேண்டும் என்பதை அந்த அனுபவத்திலிருந்து நான் எடுத்துக்கொள்கிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் தகுதித் தேர்வில் முதல் நிலை பெற, ஒட்டுண்ணி உண்டா இல்லையா என்பதில் 90 சதவீதமும், இனம் காண்பதில் 90 சதவீதமும் சரியாகச் சொல்ல வேண்டும். வாரம் ஒருமுறையாவது பாசிட்டிவ் ஸ்லைடு பார்க்கும் பழக்கம் இல்லாமல் அந்த நிலையை எட்டுவது கடினம். இதற்காகவே ஒவ்வொரு மையத்திலும் பழைய பாசிட்டிவ் ஸ்லைடுகள் கொண்ட சிறு பெட்டி ஒன்று பயிற்சிக்காக இருக்க வேண்டும். இங்கே அது இருக்கிறது, ஆனால் ஃபால்சிபாரம் ஸ்லைடுகள் மிகக் குறைவு.

பாசிட்டிவ் ஸ்லைடுகள் அனைத்தையும், நெகட்டிவ் ஸ்லைடுகளில் ஒரு பகுதியையும் மேல்நிலை ஆய்வகத்துக்கு மறுபார்வைக்கு அனுப்புவது நம் மலேரியா திட்டத்தின் நெடுங்கால நடைமுறை. இந்த மையம் அதைத் தவறாமல் செய்கிறது. அனுப்பும் பட்டியலில் முதல் முடிவும் எழுதப்பட்டிருந்ததுதான் குறை. முடிவு முன்பே கண்ணில் பட்டால் மறுபார்வையாளரின் தீர்ப்பு அந்தப் பக்கமே சாயும். எண் மட்டும் போட்டு அனுப்புவதே முறை. மேலும், மறுபார்வையின் பதில் பல வாரங்கள் கழித்து வருகிறது. தவறு சுட்டப்படும்போது அந்த ஸ்லைடை நுட்பநர் மறுபடி பார்த்தால்தான் கண் திருந்தும். இரண்டும் இவருடைய கைகளில் இல்லை, மேலிடத்தில் இருக்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும்.

நுண்ணோக்கி இல்லாமல் ஒரு துளி ரத்தத்தில் கோடு தெரிகிறதா என்று பார்க்கும் கார்டு பரிசோதனையைப் பற்றியும் ஒரு வார்த்தை. நுட்பநர் இல்லாத நாட்களிலும், துணை மையங்களிலும் அதுவே கைகொடுக்கிறது. ஆனால் கார்டுகளை மேற்குச் சுவரோரம் இருந்த இரும்பு அலமாரியில் வைத்திருந்தார்கள். அறையில் வெப்பமானி இல்லை. சித்திரையில் பாலக்காட்டு வெயில் 40 டிகிரியைத் தொடும் என்பதால், பெட்டியில் அச்சிட்டிருக்கும் வெப்ப எல்லையைத் தாண்டாத இடத்துக்கு அவற்றை மாற்றியே ஆக வேண்டும். ஃபால்சிபாரத்தைக் காட்டும் கோடு, நோய் குணமான பிறகும் சில வாரங்கள் தெரியக்கூடும் என்பதால், சிகிச்சைக்குப் பிந்தைய பரிசோதனைக்கு ஸ்லைடைத்தான் கேட்க வேண்டும்.

பிற குறைகள் சிறியவை. பிற்பகலில் கொடுக்கும் ரத்தம் பெரும்பாலும் மறுநாள்தான் பார்க்கப்படுகிறது. 24 மணி நேரத்துக்குள் முடிவு கொடுக்கிறார்கள் என்றாலும் ஃபால்சிபாரம் அவ்வளவு நேரம் காத்திருக்காது. நுட்பநர் விடுப்பில் போனால் மாற்று ஆள் இல்லை. முடிவுத் தாள் ஆங்கிலத்தில் இருப்பதால் தமிழர்களும் ஒடிசாக்காரர்களும் அதன் பொருளை யாரிடமாவது கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறார்கள். கட்டணம் எதுவும் வாங்கவில்லை.

காய்ச்சலுடன் ஊர் திரும்பியவர்களைக் காலை பத்து மணிக்குள் இங்கே அழைத்து வருவது நல்லது. சமீபத்தில் எந்த மாநிலத்துக்குப் போய் வந்தார்கள் என்பதை நீங்களே முந்திச் சொல்லிவிடுங்கள். முடிவுத் தாளில் இனமும் எண்ணிக்கையும் எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். முதல் ஸ்லைடு நெகட்டிவாக வந்து காய்ச்சல் நிற்கவில்லை என்றால், மறுநாளும் அதற்கடுத்த நாளும் போய் ரத்தம் கொடுங்கள். இந்த நுட்பநர் முகம் சுளிக்காமல் எடுத்துப் பார்ப்பார்.