சுவத்து பட்டனா, போன் ஆப்பா, கழுத்துல தொங்குற பேட்ஜா?

அமெரிக்கால சில ஸ்டேட்ல அரசு ஸ்கூல்ல பேனிக் அலாரம், அதாவது ஆபத்துல உதவி கூப்பிடற அலாரம், கண்டிப்பா இருக்கணும்னு சொல்ற சட்டத்துக்கு அலிசா சட்டம்னு பேரு. 2018 பிப்ரவரி 14 அன்னைக்கு ஃபுளோரிடா பார்க்லேண்ட் ஸ்கூல்ல சுட்டுக்கொல்லப்பட்ட 17 பேர்ல ஒருத்தி அலிசா, 14 வயசு. அவ அம்மா லோரி அல்ஹடெஃப் விடாம போராடினாங்க, 2019ல நியூஜெர்சி முதல்ல கொண்டுவந்துச்சு. ஆனா சட்டத்தோட பேரு ஒண்ணுன்னாலும் ஸ்டேட்டுக்கு ஸ்டேட் கருவி மாறுது, அதத்தான் நாம பாக்கணும்.

நியூஜெர்சில கேட்டது சைலன்ட் அலாரம். பட்டன அமுக்குனா நேரா போலீசுக்குப் போயிடும், பில்டிங்குக்குள்ள சத்தம் கேக்கக்கூடாதுன்னு சட்டமே சொல்லுது. செலவு கம்மி, சார்ஜ் போடற வேலையும் இல்ல. ஆனா பட்டன் ஆபீஸ்ல இருந்தா மாடில கடைசி கிளாஸ்ல இருக்கற டீச்சர் என்ன பண்ணுவாங்க?

ஃபுளோரிடா 2020ல போன் வழியா வேலை செய்யற அலர்ட் கேட்டுச்சு. எல்லார் கையிலயும்தான் போன் இருக்கே, நல்ல யோசனைதான்னு தோணும், ஆனா 2022ல டெக்சாஸ் உவால்டே ராப் ஸ்கூல்ல துப்பாக்கிச்சூடு நடந்தப்ப ஆப் இருந்துச்சு, வைஃபை சரியா கிடைக்கல, அலர்ட் அனுப்பவே பிரின்சிபல் திணறினாங்க, எல்லா டீச்சரும் போன கையில வச்சிருக்கவும் இல்ல. அதவிட கொடுமை, பார்டர் பக்கம் போலீஸ் கார் துரத்தும்போதெல்லாம் அலர்ட் வந்து வந்து, பிப்ரவரி கடைசிலேர்ந்து மே வரைக்கும் மட்டும் வந்த சுமார் 47 அலர்ட்ல பெரும்பாலானது இதனாலதான், ஜனங்களுக்கு அது பழகியே போச்சுன்னு டெக்சாஸ் சட்டசபை கமிட்டி அறிக்கையே சொல்லுது. 19 பிள்ளைங்க, 2 டீச்சர். படிக்கவே முடியல.

மூணாவது பேட்ஜ். 2024 செப்டம்பர் 4, ஜார்ஜியா அப்பலாச்சி ஹைஸ்கூல்ல துப்பாக்கிச்சூடு, டீச்சருங்க கழுத்துல ஐடி கார்டோட பட்டன், அது வந்தே ஒரு வாரம்தான் ஆகியிருந்துச்சு. இந்த மாதிரி பேட்ஜ்ல சில தடவ அமுக்குனா உதவிக்கு ஆள் வரும், வேகமா 8 தடவ அமுக்குனா ஸ்கூல் முழுக்க லாக்டவுன் (கதவப் பூட்டிட்டு உள்ளயே இருக்கறது), எந்த ரூம்லேர்ந்து வந்ததுன்னும் தெரியும், வைஃபைய நம்பி இல்ல. அன்னைக்கு சுட்டவன சில நிமிஷத்துல போலீஸ் மடக்கிட்டாங்க. அப்பவும் 4 பேர் போயிட்டாங்க, அதனால பேட்ஜ் இருந்தா போதும்னு நான் சொல்லவே மாட்டேன்.

ஆனா மூணுல ஒண்ணுன்னா எனக்கு பேட்ஜ்தான். பில்டிங் முழுக்க சின்னச் சின்ன கருவி மாட்டணும், வருஷா வருஷம் காசு, உண்மைதான். ஆனா உள்ள இருக்கற பிள்ளைங்களுக்கும் வெளிய போலீசுக்கும் ஒரே நேரத்துல தகவல் போகுதே, சைலன்ட் பட்டன்ல அது வராது.

அங்க பிள்ளைங்கள படிக்க வைக்கற நம்மாளுங்க ஸ்கூல் போர்டு மீட்டிங்ல ரெண்டு கேள்வியாவது கேளுங்க: இன்டர்நெட் போனா அலர்ட் போகுமா, சப்ஸ்டிட்யூட் டீச்சருக்கும் பேட்ஜ் குடுக்கறீங்களா?